எதை எங்கே வாங்கலாம்?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் நம் கணக்காளர் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு சேமிப்பு. சேமிப்பைப் பற்றி உங்களுக்கு நான் என்ன புதுசாச் சொல்லப் போறேன்? 1989-ல் தருமபுரியில் முதல் குழுக்கள் ஆரம்பிச்ச காலத்திலிருந்து தமிழ்நாட்டுப் பெண்களுக்கு அதுதான் பாடம். சேமிப்புப் புத்தகம் இல்லாத வீடு இந்தப் பந்தலில் இல்லை. அதனால் தலைவி அக்காவிடம் அனுமதி வாங்கிக்கொண்டு அதன் மறுபக்கத்தைப் பேசலாம்னு வந்திருக்கேன். நாம் காசை எங்கே கொண்டு போய்க் கொடுக்கிறோம்? எந்தக் கடையில்?

நான் கணக்கு எழுதுறவள். உள்கடன் கேட்டு வரும் விண்ணப்பத்தில் "கடன் வாங்கும் காரணம்" என்று ஒரு இடம் இருக்கும். அதில் நிறையப் பேர் "குடும்பச் செலவு" என்று எழுதுவீங்க. என்ன குடும்பச் செலவுன்னு கேட்டால், கொஞ்ச நேரம் கழிச்சு மெதுவா, "மளிகைக் கடை பாக்கி" என்று சொல்வீங்க. தையல் மெஷின் வாங்க வேண்டிய பணம், ஆட்டுக்குட்டி வாங்க வேண்டிய பணம் பருப்புக்கும் எண்ணெய்க்கும் போகுது. அதுவும் போன மாசமே சாப்பிட்டு முடிச்ச பருப்பு. இதை ஆற அமர உட்கார்ந்து பேசணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை.

நம்ம ஏரியாவில் கடைக்குப் பஞ்சமே இல்லை. 2021-ல் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளையும் சிட்லபாக்கம், பெருங்களத்தூர் மாதிரி ஐந்து பேரூராட்சிகளையும் ஒண்ணாச் சேர்த்து மாநகராட்சி ஆக்கினாங்க. அதற்கு முன்னாலேயே கடைகள் மாநகரம் ஆகிவிட்டன. தெரு முனையில் அண்ணாச்சி கடை, மேற்குத் தாம்பரத்தில் சண்முகம் சாலை, ஜி.எஸ்.டி. ரோட்டில் மாடி மாடியா ஜவுளிக்கடை, வெள்ளிக்கிழமையானால் பல்லாவரம் சந்தை, கையில் இருக்கிற போனில் பத்து நிமிஷத்தில் வர்ற கடை. இத்தனை இருந்தும் பெரும்பாலான வீட்டில் எல்லாப் பொருளையும் ஒரே இடத்தில்தான் வாங்குகிறோம். பழக்கம், இல்லாட்டி கடன். இந்த இரண்டில் ஒண்ணுதான் காரணம்.

முதலில் அண்ணாச்சி கடை. அண்ணாச்சியைக் குறை சொல்ல நான் வரவில்லை. தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து காலை அஞ்சு மணிக்குக் கடை திறந்து ராத்திரி பதினொண்ணுக்கு மூடுறவங்க அவங்க. 2020-ல் ஊரடங்கு நேரத்தில் நம்ம தெருவுக்கு அரிசி கொடுத்தது யார்? கையில் காசில்லாத வீட்டுக்கு "அப்புறம் கொடுங்க"ன்னு சொன்னது யார்? அதை மறந்துட்டுப் பேசினால் நன்றி கெட்ட பேச்சு. ஆனால் கணக்கு என்று வந்தால் கணக்கைத்தான் பேசணும்.

புரிவதற்காக ஒரு விலை வச்சுக்குவோம். துவரம் பருப்பு கிலோ 140 ரூபாய் என்று வைங்க. நூறு கிராமாக வாங்கினால் 16 ரூபாய். இரண்டு ரூபாய்தானே வித்தியாசம் என்று தோணும். பத்து தடவை வாங்கினால் கிலோ 160 ஆயிடுது. மாசம் மூணு கிலோ போடுற வீட்டுக்கு 60 ரூபாய் கூடுதல், பருப்பில் மட்டும். இதே மாதிரி எண்ணெய், புளி, மிளகாய், டீத்தூள், சோப்புத்தூள் என்று ஒவ்வொண்ணா எழுதிப் பாருங்க. வாரம் அம்பது ரூபாய் சேமிக்க நாம் கூட்டம் போட்டுக் கையெழுத்து வாங்குகிறோம். அதைவிடப் பெரிய தொகை கூட்டமே போடாமல் பொட்டலம் பொட்டலமாப் போகுது. பணம் இருக்கிறவங்க மொத்தமா வாங்கி மலிவா சாப்பிடுறாங்க. தினக்கூலி வாங்குற வீடு கொஞ்சம் கொஞ்சமா வாங்கி அதே பருப்பை விலை கூடுதலாச் சாப்பிடுது. எனக்கு இதைவிட எரிச்சல் வேறு எதிலும் இல்லை.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு, கேட்டால் சிரிப்பீங்க. ஷாம்பு. கடலூர் சின்னி கிருஷ்ணன் அவர்கள் ஷாம்பை சின்னப் பொட்டலத்தில் போட்டு விற்கிற வழியைக் காட்டினார். அது இந்தியா முழுக்கப் பரவிடுச்சு. அந்தப் பொட்டலம் பல நேரம் பாட்டிலைவிட மலிவா இருக்கும். ஒரு பொட்டலத்தில் எத்தனை மில்லி, என்ன விலை. பாட்டிலில் எத்தனை மில்லி, என்ன விலை. வகுத்துப் பார்த்துட்டு வாங்குங்க. பெரிசா வாங்கினால் எப்பவுமே லாபம் என்பதும் கண்ணை மூடிக்கிட்டு நம்பக் கூடியது இல்லை.

வகுக்கத் தெரியலையேன்னு கவலைப்பட வேண்டாம். 2024 ஜனவரி முதல் பாக்கெட் பொருளில் மொத்த விலையோடு, ஒரு கிராமுக்கு அல்லது ஒரு கிலோவுக்கு என்ன விலை என்பதையும் அச்சடிக்கணும். அதிகபட்ச சில்லறை விலைக்குப் பக்கத்திலேயே பொடி எழுத்தில் இருக்கும். கண்ணாடி போட்டுக்கிட்டுத் தேடணும், அவ்வளவு பொடிசு. ஆனால் இருக்கும். இரண்டு பாக்கெட்டை எடுத்து அந்த ஒரு எண்ணை மட்டும் ஒப்பிட்டால் போதும். முன்பக்கத்தில் சிவப்பு எழுத்தில் "20 சதவீதம் கூடுதல்" என்று போட்டிருப்பதையெல்லாம் படிக்கவே வேண்டாம். எண்ணெய் பாக்கெட்டில் இன்னும் கவனம் வேணும். ஒரு லிட்டர் பாக்கெட் மாதிரியே தெரியும், திருப்பிப் பார்த்தால் 850 மில்லி என்று இருக்கும். விலை குறைவு என்று எடுத்துட்டு வருவோம். அளவும் குறைவு.

அண்ணாச்சி கடை நோட்டு விஷயத்துக்கு வர்றேன். கடன் சொல்லி வாங்குறவங்க விலை கேட்க மாட்டாங்க. கேட்க வாய் வராது. அதுதான் நோட்டின் உண்மையான வட்டி. நம் கூட்டமைப்பில் ஒரு அக்கா, வீட்டு வேலைக்குப் போறவங்க, நோட்டுப் பாக்கி நாலாயிரத்தைக் குழுவில் உள்கடன் வாங்கி ஒரே தடவையில் அடைச்சாங்க. நூறுக்கு ஒரு ரூபாய் வட்டி. பத்து மாசத்தில் கட்டி முடிச்சாங்க. அதுக்கப்புறம் அதே கடைக்குத்தான் போறாங்க. ஆனால் கையில் காசோட போறாங்க, "என்ன அண்ணாச்சி, போன வாரம் இந்த விலை இல்லையே"ன்னு கேட்கிறாங்க. அண்ணாச்சியும் ரெண்டு ரூபாய் குறைச்சுத்தான் கொடுக்கிறார். பாக்கியே இல்லாமல் இருக்க முடியாதுங்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். எழுதும்போதே கூட்டித்தொகையைக் கேளுங்க, அந்தப் பக்கத்தைப் போனில் ஒரு போட்டோ எடுத்து வச்சுக்குங்க. அண்ணாச்சி தப்பா நினைக்க மாட்டார். நினைத்தாலும் ஒரு நாள்தான்.

என் கருத்து இது: தயிர், முட்டை, கொத்தமல்லி, தீப்பெட்டி, திடீர்னு விருந்தாளி வந்தால் கால் கிலோ ரவை, இதுக்கு அண்ணாச்சி. மாசச் சாமான் அங்கே வேண்டாம்.

மாசச் சாமானில் முதல் கடை ரேஷன் கடை. வீட்டுக்கு வசதி வந்துட்டுதுன்னு காட்டுறதுக்காகவே ரேஷனுக்குப் போகாதவங்க இருக்காங்க. அரிசிக்கு விலையில்லை. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். இந்த விலைக்கு எந்தக் கடையில் கொடுப்பாங்க? வரிசையில் நிற்கிற நேரம் போகுதுன்னா ஒரே தெருவில் நாலு பேர் பேசி வச்சுக்கிட்டு, பொருள் வந்த தகவலை ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கலாம். பொருள் வாங்கினதும் போனுக்குக் குறுஞ்செய்தி வரும். படிக்காமல் அழிச்சுடாதீங்க. வாங்காத சர்க்கரைக்கு வாங்கினதாச் செய்தி வந்தால் 1967 என்ற எண்ணுக்குப் போன் போடுங்க. அங்கே சோப்பு, டீத்தூள், உப்பு என்று வேறு பொருளும் வச்சிருப்பாங்க. விருப்பம் இருந்தால் வாங்கலாம், கட்டாயம் எதுவும் இல்லை. "இதையும் எடுத்தால்தான் பருப்பு" என்று யாராவது சொன்னால் அதற்கும் அதே எண்தான்.

காய்கறிக்கு நம்ம ஊரில் சண்முகம் சாலைதான். ஸ்டேஷனில் இறங்கி மேற்குப் பக்கம் வந்தால் கூட்டமே உங்களைக் கொண்டு போய் விட்டுடும். கோயம்பேட்டிலிருந்து விடியற்காலை வரும் காய் அது. கோயம்பேடு மார்க்கெட் 1996-ல் வந்தது. அதுக்கு முன்னால் கொத்தவால் சாவடி. அந்தக் காலத்து அக்காமார்களுக்கு நினைவிருக்கும். நேரே கோயம்பேட்டுக்கே போகலாமேன்னு சில பேர் கேட்பாங்க. ஒரு வீட்டுக்கு இது கட்டாது. கல்யாணம், காதுகுத்து, சாப்பாட்டுக்கடை வச்சிருக்கிறவங்க, இல்லாட்டி நாலஞ்சு வீடு சேர்ந்து பங்கு போடுறவங்க போகலாம்.

சண்முகம் சாலையில் காலையில் ஒரு விலை, ராத்திரி எட்டு மணிக்கு ஒரு விலை. மிஞ்சினதை வீட்டுக்குக் கொண்டு போக முடியாதே, அதனால் கூறு கட்டி வைப்பாங்க. கூறு மலிவுதான். ஆனால் அதில் எடை கிடையாது. மேலே நல்ல தக்காளி நாலு, கீழே அமுங்கினது ஆறு இருக்கும். அன்னைக்கு ராத்திரியே சட்னியோ தொக்கோ செய்யப் போறீங்கன்னா கூறு வாங்குங்க. மூணு நாள் வச்சுக்க வேணும்னா காலை விலைக்கு எடைபோட்டு வாங்குறதுதான் லாபம். அழுகி எறியும் காய்க்கும் சேர்த்துத்தானே காசு கொடுக்கிறோம்.

எடைத் தராசில் ஒரு நிமிஷம் கவனம் வைங்க. தட்டை வைத்த பிறகு முட்டை வடிவில் பூஜ்யம் காட்டுதான்னு பாருங்க, அப்புறம் காயைப் போடச் சொல்லுங்க. மின்னணுத் தராசுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை முத்திரை போடணும், கல்லுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை. தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர் வந்து பார்க்கிற வேலை அது. ஸ்வீட் கடையில் அட்டைப் பெட்டியோட சேர்த்து எடை போட்டால் "அண்ணே, பெட்டியை எடுத்துட்டுப் போடுங்க"ன்னு சொல்லுங்க. அட்டையை மைசூர்பாகு விலைக்கு வாங்க வேண்டியதில்லை.

அதே சமயம் நடைபாதையில் கூடை வச்சிருக்கிற கீரைக்கார அம்மாகிட்ட ரெண்டு ரூபாய்க்குச் சண்டை போட்டுட்டு, பெரிய கடையில் போட்ட விலையை வாயைத் திறக்காமல் கொடுத்துட்டு வர்றவங்களைப் பார்த்திருக்கேன். அது எனக்குப் பிடிக்காது. அந்தக் கீரைக்கார அம்மா நம்ம குழுவிலேயே இருப்பாங்க. 2014-ல் தெரு வியாபாரிகளுக்குன்னு தனிச்சட்டம் வந்தது. அதன்படி நகர விற்பனைக் குழுவில் பத்தில் நாலு பேர் வியாபாரிகள் தேர்ந்தெடுத்தவங்களா இருக்கணும், அவங்களில் மூணில் ஒரு பங்கு பெண்கள். கூடை வச்சிருக்கிற நம்ம உறுப்பினர்கள் அடையாள அட்டை வாங்கிட்டீங்களா? இல்லாதவங்க மதியம் என் மேஜைக்கு வாங்க.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு நான் பெரிய ரசிகை. வெள்ளைக்காரன் காலத்தில் மாட்டுச் சந்தையா இருந்தது என்பார்கள். இப்போ மாடு தவிர எல்லாம் இருக்கு. செடி, தொட்டி, பழைய நாற்காலி, இரும்புக் கட்டில், குழாய் திருகு, பாத்திரம், புறா, கோழிக்குஞ்சு, கழட்டிப் போட்ட கம்ப்யூட்டர் பாகம். கடை வைக்கப் போறவங்களுக்குச் சொல்றேன், அலமாரி, மேஜை, தராசு மேடை இதையெல்லாம் புதுசா வாங்கிக் கடனை ஏத்திக்காதீங்க, முதலில் ஒரு வெள்ளிக்கிழமை அங்கே போய்ப் பாருங்க. செடி வாங்கினால் தொட்டியோடு தூக்கி வேர் பிடிச்சிருக்கான்னு பாருங்க. சில நேரம் காலையில் நட்ட குச்சி. ஆனால் மிக்ஸி, மின்விசிறி, கிரைண்டர் வாங்கினால் ஓடவிட்டுப் பார்க்க வழியில்லை. பில்லும் கிடையாது. பழைய போன் அங்கே வாங்கவே வாங்காதீங்க. திருட்டுப் போனாக இருந்தால் போலீஸ் உங்க வீட்டுக் கதவைத்தான் தட்டும். எங்கே பழைய போன் வாங்கினாலும் ஸ்டார் ஹாஷ் 06 ஹாஷ் என்று அழுத்தினால் பதினைந்து இலக்க எண் வரும். கே ஒய் எம் என்று ஆங்கிலத்தில் அடிச்சு, இடைவெளி விட்டு, அந்த எண்ணையும் சேர்த்து 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்க. முடக்கிய போனா இல்லையான்னு பதில் வந்துடும். பிள்ளைகள் செய்து காட்டுவாங்க.

துணிக்கு மாம்பலம் ரங்கநாதன் தெருவுக்கு எலக்ட்ரிக் ட்ரெயின் பிடிச்சுப் போகும் பழக்கம் இன்னும் போகலை. 1931-லிருந்து ஓடுற வண்டி, நம்ம அம்மா காலத்திலிருந்தே தீபாவளி என்றால் அதுதான் வழி. இப்போ பெரிய ஜவுளிக்கடைகள் குரோம்பேட்டைக்கே வந்துட்டுது. 2021 மே மாசத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் நமக்கு டிக்கெட் கிடையாது. ஆகவே பஸ் காசு என்ற சாக்கு போயிடுச்சு. நேரம் போகலை. அரைநாள் கூலியை விட்டுட்டு முப்பது ரூபாய் மிச்சம் பிடிக்கப் போறவங்க அந்தக் கூலியையும் கணக்கில் எழுதணும். நம்ம நேரத்துக்கு விலையே இல்லை என்பது ஆண்கள் எழுதுற கணக்கு, நாமும் அப்படியே எழுதக் கூடாது. புடவை எடுக்கிறவங்களுக்கு இன்னொரு செய்தி. நம்ம மாநகராட்சிக்குள்ளேயே இருக்கிற அனகாபுத்தூர் நெசவாளர் ஊர். வாழைநார் மாதிரி இயற்கை நாரைக் கலந்து புடவை நெய்கிறவங்க அங்கே இருக்காங்க. நம்ம வீட்டுக்கு எப்பவும் எடுக்க முடியாது, விலை அப்படி. வெளியூருக்குப் பரிசு கொடுக்கணும்னா இதை நினைச்சுக்குங்க. கோ-ஆப்டெக்ஸில் தீபாவளி நேரத்தில் 30 சதவீதம் தள்ளுபடி உண்டு. பெட்ஷீட், துண்டு, லுங்கி அங்கேதான்.

மருந்து வாங்கும் இடத்தைப் பற்றி யாரும் பேசுறதில்லை. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாசாமாசம் மாத்திரை வாங்காத வீடு எத்தனை? 2025 பிப்ரவரியில் முதல்வர் மருந்தகம் என்று மாநிலம் முழுக்க ஆயிரம் கடை திறந்தாங்க. மக்கள் மருந்தகமும் இருக்கு. அதே மருந்து, கம்பெனிப் பெயர் மட்டும் வேற. டாக்டரிடம் "மருந்தின் மூலப்பெயரை எழுதிக் கொடுங்க"ன்னு கேளுங்க. கேட்கப் பயமா இருந்தால் சீட்டைக் கொண்டு போய் மருந்தாளுநரிடம் காட்டுங்க. டாக்டரைக் கேட்காமல் மாத்திரையின் அளவை மட்டும் மாத்தாதீங்க. அரசு மருத்துவமனையில் பெயரைப் பதிந்துக்கிட்டவங்களுக்கு அங்கேயே மாத்திரை கிடைக்கும்போது கடைக்கே போக வேண்டாம்.

தங்கத்துக்கு ஒரே வரி. 916 என்பதோடு ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளக் குறி இருக்கணும். 2023 ஏப்ரல் முதல் அது இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக் கூடாது. பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்தக் குறியைப் போட்டால் நகை விவரம் வரும்.

சீட்டுப் பற்றிப் பேசத்தான் முக்கியமா வந்தேன். தீபாவளிச் சீட்டு. மாசம் ஐந்நூறு கட்டினால் தீபாவளிக்கு எண்ணெய், பருப்பு, வெல்லம், ஸ்வீட், பட்டாசு, ஒரு எவர்சில்வர் பாத்திரம். கேட்க நல்லாத்தான் இருக்கும். மூணு வருஷத்துக்கு முன்னால் நம்ம பகுதியில் ஒரு கடைக்காரர் இப்படிச் சேர்த்தார். எங்க தெருவில் மட்டும் ஒன்பது பேர். ஆளுக்கு ஆறாயிரம். ஐப்பசி பிறந்ததும் கடையில் பூட்டு. கையில் இருந்தது கட்டம் போட்ட ஒரு அட்டை, அதில் பேனாவால் டிக். ரசீது இல்லை, கடையின் முத்திரை இல்லை. அந்த ஒன்பது பேரில் ஒரு தங்கச்சி வீட்டுக்காரருக்குத் தெரியாமல் கட்டினவள். தீபாவளி அன்னைக்கு அவள் வீட்டில் நடந்ததை இந்த மேடையில் சொல்ல மாட்டேன். ஸ்டேஷனில் புகார் கொடுக்கப் போனபோது முதலில் கேட்டதே "பணம் கொடுத்ததுக்கு என்ன ஆதாரம்?" என்றுதான்.

1982-ஆம் வருஷத்துச் சீட்டு நிதிச் சட்டப்படி, பதிவு செய்யாமல் யாரும் சீட்டு நடத்தக் கூடாது. பதிவு எண் இருக்கான்னு கேளுங்க, மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் விசாரிக்கலாம். "நம்மாள்தானே, இத்தனை வருஷமா கடை வச்சிருக்கார்" என்பது பதிவு எண் ஆகாது. ஏமாந்தவங்களுக்குச் சொல்றேன், வெட்கப்பட்டு வீட்டுக்குள்ளே இருக்காதீங்க. அட்டையையும், பணம் அனுப்பின குறுஞ்செய்தி இருந்தால் அதையும் பத்திரமா வைங்க. எல்லாரும் ஒண்ணாப் போய்ப் புகார் கொடுங்க. ஒன்பது பேர் ஒன்பது நாள் தனித்தனியாப் போவதும் ஒன்பது பேரும் ஒரே நாள் போவதும் ஒண்ணு இல்லை.

நாம் குழுவா இருந்துக்கிட்டு வெளியே போய்ச் சீட்டுக் கட்டுவது ஏன்னு எனக்கு இன்னிக்கும் புரியலை. அதே ஐந்நூறை நம்ம குழுவில் தனிக்கணக்காச் சேர்த்தால், தீர்மானப் புத்தகம் இருக்கு, வங்கிக் கணக்கு இருக்கு, மூணு பேர் கையெழுத்து இருக்கு. எங்க குழுவில் பன்னிரண்டு பேர் போன வருஷம் இதைச் செய்தோம். தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால் மொத்த வியாபாரக் கடையில் எண்ணெயும் பருப்பும் சர்க்கரையும் ஒண்ணா எடுத்தோம். ஆட்டோ கூலியைப் பன்னிரண்டாப் பிரிச்சோம். சண்டை வரலைன்னு சொல்ல மாட்டேன். நல்லெண்ணெயா கடலெண்ணெயான்னு ஒரு கூட்டம் முழுக்கப் போச்சு. ஆனால் யார் பணமும் போகலை.

அரிசியும் இப்படித்தான் வாங்கணும். இப்பல்லாம் கடையில் 26 கிலோ மூட்டையா வருதே, ஏன்னு யோசிச்சிருக்கீங்களா? 2022 ஜூலையிலிருந்து 25 கிலோ வரை பெயர் அச்சடிச்ச பையில் வர்ற அரிசிக்கு அஞ்சு சதவீதம் ஜி.எஸ்.டி. போட்டாங்க. நம்ம ஜி.எஸ்.டி. ரோடு இல்லை, வரி. மில்காரங்க ஒரு கிலோவைக் கூட்டி 26 ஆக்கிட்டாங்க, வரி போயிடுச்சு. ஆக, அஞ்சு கிலோ பத்து கிலோ பையில் வாங்குறவங்கதான் அந்த வரியைக் கட்டுறாங்க. மறுபடியும் சின்னதா வாங்குற வீட்டு மேலேதான் விழுது. இரண்டு வீடு சேர்ந்து ஒரு மூட்டையை எடுத்து ஆளுக்குப் பதிமூணு கிலோன்னு பிரிச்சுக்கிட்டால் முடிஞ்சது.

போனில் சொன்னால் பத்து நிமிஷத்தில் வர்ற கடை இருக்கே, கைக்குழந்தை வச்சிருக்கிறவங்க, உடம்பு முடியாதவங்களுக்கு அது உதவிதான், நான் மறுக்கலை. பில்லை மட்டும் கடைசி வரி வரைக்கும் படிங்க. பொருள் விலைக்குக் கீழே கொண்டு வந்த கூலி, கையாண்ட கூலி என்று தனித்தனியா இருக்கும். அச்சடிச்ச அதிகபட்ச விலையில் வரி எல்லாமே அடக்கம். அதுக்கு மேல் பொருளுக்கு வாங்கினாலும், கெட்டுப்போனதைக் கொடுத்து மாத்த மாட்டேன்னு சொன்னாலும் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கு. தமிழிலேயே பேசலாம். பில் இருக்கணும். பில் வாங்காமல் வந்துட்டு அங்கே பேசினால் அவங்களாலும் ஒண்ணும் செய்ய முடியாது.

கடைசியா நம்ம சொந்தக் கடையைப் பற்றி. நம்ம உறுப்பினர்களிலேயே இட்லி மாவு அரைக்கிறவங்க, அப்பளம், வடகம், மசாலாத்தூள், நைட்டி, பினாயில் செய்றவங்க எத்தனை பேர்? அதை நாம் வாங்குகிறோமா? கண்காட்சியில் வாங்க ஆள் வரலைன்னு வருத்தப்படுறோம், நம்ம வீட்டு மிளகாய்த்தூள் டப்பாவில் வேற கம்பெனி பாக்கெட். இதில் இரண்டு பக்கமும் பேசணும். பரிதாபப்பட்டு வாங்க வேண்டாம், அப்படி வாங்கினால் ஒரு மாசத்துக்கு மேல் நிலைக்காது. செய்றவங்க பாக்கெட்டில் எடை, செய்த தேதி, விலை போடணும். சின்னத் தயாரிப்பாளர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துக்கிட்டால் போதும், கட்டணம் வருஷத்துக்கு நூறு ரூபாய்தான். அந்தப் பதினாலு இலக்க எண் பாக்கெட்டில் ஏறினால்தான் கல்லூரிச் சந்தையில் வைக்க முடியும், நுங்கம்பாக்கம் அன்னை தெரசா மகளிர் வளாகம் மாதிரி இடத்துக்குக் கொண்டு போக முடியும். வாங்குறவங்க குறை இருந்தால் முகத்துக்கு நேரா சொல்லணும். "மாவு புளிச்சிருந்தது அக்கா"ன்னு சொல்லாமல் அடுத்த நாளிலிருந்து கடை மாவுக்கு மாறிடுறோம். சொல்லாட்டி அவங்களுக்கு எப்படித் தெரியும்?

நேரமாயிடுச்சு, செயலாளர் அக்கா கடிகாரத்தைக் காட்டுறாங்க. ஒரே ஒரு அறிவிப்பு. அடுத்த மாசம் அஞ்சாம் தேதிக்குள் அரிசி மூட்டை எடுக்கப் போறோம். இட்லி அரிசி வேணுமா, பொன்னி வேணுமா, யாரோடு சேர்ந்து ஒரு மூட்டையைப் பங்கு போட்டுக்கப் போறீங்க என்பதைச் சாப்பாடு முடிஞ்சதும் என் மேஜைக்கு வந்து எழுதிட்டுப் போங்க. ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒருத்தர் எங்களோடு மண்டிக்கு வரணும், மூட்டையைப் பிரிச்சு அரிசியைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகுதான் பணம் கொடுப்போம். சாக்குப் பையும் மஞ்சப் பையும் அவங்கவங்க கொண்டு வரணும்.